ஸ்கேனில் சிக்காத வலி

உட்கார்ந்தால் வலிக்கிறது என்று சொன்னால் எல்லோரும் முதுகைத்தான் கேட்பார்கள். முதுகு இல்லை என்றால் மூட்டு. அதுவும் இல்லை என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். எனக்கு வலித்தது அடிவயிற்றுக்கும் கீழே, வால் எலும்புக்கு முன்னால், தொடைகள் சேருகிற இடத்துக்கு உள்ளே. அந்த இடத்தைச் சொல்ல வாய் வராமலேயே பல மாதங்கள் போயின. அக்காவிடம் கூட "அடிவயிறு ஒரு மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

நாற்பதுகளின் தொடக்கத்தில் வந்தது அது. அப்போது தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில். மெட்ரோ வேலைக்காக லஸ் முனையைத் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள்; அந்தப் பக்கம் பனகல் பார்க்கிலும் அதே கதை. ஷேர் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சீட்டிலிருந்து சற்றே தூக்கிவைத்துக்கொள்வேன். கடைக்குப் போய் நாற்காலியில் அமர்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் எரிச்சல் தொடங்கும். சிறுநீர் முட்டுவது போல இருக்கும். எழுந்து போனால் சில சொட்டுதான். திரும்பி வந்து உட்கார்ந்தால் எரிச்சல் இன்னும் கூடியிருக்கும். தாம்பத்தியம் என்றாலே பயமாகிவிட்டது. கணவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மௌனம் வலியை விடப் பாரமாக இருந்தது.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். தீர்ந்ததும் வேறொன்று எழுதினார்கள். அல்ட்ராசவுண்டில் கர்ப்பப்பை, சினைப்பை, சிறுநீரகம் எல்லாம் நார்மல். எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்ற சந்தேகத்தில் லேப்ராஸ்கோபி செய்தார்கள். அதுவும் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்த வீட்டார் நல்ல செய்திதானே என்றார்கள். வலியோடு இருக்கிறவளுக்கு நார்மல் என்ற சொல் எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "பீரியட்ஸ் நிக்கற வயசு வருது, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் இடுப்படித் தசையைச் சுருக்கிப் பிடிக்கிற கீகல் பயிற்சியை, படம் போட்ட தாளோடு, தினமும் செய்யச் சொன்னார். செய்யச் செய்ய வலி ஏறியது.

திருப்பம் மயிலாப்பூரிலேயே நடந்தது. வயதான மகப்பேறு மருத்துவர் ஒருவர் என் ஃபைலை முழுக்கப் படித்தார். பிறகு மூடி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அதற்கு முன்பும் பரிசோதித்திருக்கிறார்கள். எல்லோரும் கர்ப்பப்பை வாயைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். இவர் ஒரே விரலால் பக்கச் சுவரை மெதுவாக அழுத்தினார். நான் மேசையில் துள்ளிவிட்டேன். "உங்க வலி இதுதானா?" என்று கேட்டார். இதேதான். எந்த வலிக்காக இத்தனை இடம் ஏறி இறங்கினேனோ அதே வலி, அதே எரிச்சல், ஒரு விரல் நுனியில்.

"ஸ்கேன் கர்ப்பப்பையைப் பார்க்கும், ஓவரியைப் பார்க்கும். தசை இறுகியிருக்குன்னு அது எழுதித் தராது. கையாலதான் பார்க்கணும்," என்றார். சீட்டில் பெல்விக் ஃப்ளோர் பிசியோதெரபி என்று எழுதி, அடையாறில் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார்.

பிசியோதெரபி என்றால் பக்கவாதம் வந்த மாமனாருக்குக் கையை நீட்டி மடக்கியவர்கள், முழங்கால் அறுவை முடிந்த அத்தையை நடக்க வைத்தவர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த இடத்துக்கும் பிசியோவா என்ற கூச்சத்தில் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு சில வாரங்கள் சும்மா இருந்தேன்.

கூச்சத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்பதற்காகவே பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வக்கீலின் மனைவியாக மதராஸுக்கு வந்த மேரி ஷார்லீப் அதைப் பார்த்துத் தாங்காமல் மருத்துவம் படிக்கப் போனார். 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பெண்களுக்கென்றே அந்த மருத்துவமனை 1885-ல் எழுந்ததில் அவர் பங்கு பெரிது. இன்று சென்னையில் பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை, திரைச்சீலைக்கும் குறைவில்லை. இருந்தும் வயதுக்கு வந்ததிலிருந்து பேசாதே என்று பழக்கிய ஒன்றைப் பற்றி, எதிரில் பெண்ணே உட்கார்ந்திருந்தாலும், பேச்சு எழுவதில்லை.

கடைசியில் போனேன். அடையாறு கஸ்தூர்பா நகரில், மரங்கள் அடர்ந்த ஒரு குறுக்குத் தெருவில், வீட்டின் மாடியில் இருந்தது அந்த இடம். பிசியோதெரபிஸ்ட் என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். முதல் நாள் அவர் என்னைத் தொடவே இல்லை. கேள்விகள் மட்டும் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறீர்கள், முட்டினால்தான் போவீர்களா, வெளியே கிளம்பும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று போவீர்களா, மலச்சிக்கல் உண்டா, பிரசவம் எப்படி, தையல் போட்டார்களா, எப்போதாவது கீழே விழுந்து வால் எலும்பில் அடி பட்டதா, வேலையில் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள், கோபம் வந்தால் உடம்பில் எங்கே இறுக்குவீர்கள், உறவின்போது எந்தக் கட்டத்தில் வலிக்கிறது. இதே கேள்விகளை வேறு யாராவது கேட்டிருந்தால் முகம் சிவந்து எழுந்து வந்திருப்பேன். மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்று விசாரிக்கிற குரலில் அவர் கேட்டதால் நானும் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டே போனேன். இடையில் அழுகை வந்தது. அவர் டிஷ்யூ பெட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு மேசையிலிருந்து பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை எடுத்தார். முன்பக்கம் இருக்கும் அந்தரங்க எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை, தூளி கட்டினாற்போல ஒரு தசைக் கூட்டம் தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சிறுநீரும் மலமும் கட்டுப்படுவதும், வேண்டும்போது வழி விடுவதும் அதன் வேலை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே உள்ள உதரவிதானம் இறங்கும்; அதோடு இதுவும் கொஞ்சம் இறங்கும். மூச்சை விடும்போது இரண்டும் ஏறும். நாள் முழுக்க நாம் அறியாமல் நடக்கிற இந்த ஏற்ற இறக்கம் சிலருக்கு நின்றுபோகிறது. தசை ஏறின நிலையிலேயே இறுகிக்கொள்கிறது. இறுகிய தசைக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள் விழும். முடிச்சு இருப்பது ஓரிடம், அது வலியை அனுப்புவது இன்னோரிடம். சிறுநீர்ப்பையில் ஒன்றுமே இல்லாமல் சிறுநீர் எரிவதும், கர்ப்பப்பையில் ஒன்றுமே இல்லாமல் அடிவயிறு இழுப்பதும் இதனால்தான் என்றார்.

அடுத்த முறை போனபோது பரிசோதனை. என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொன்னார். கையுறை, ஜெல், ஒரு விரல். கருவி எதுவும் கிடையாது. "மேடம், எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டாம், கையைத் தூக்கினா போதும்." வயிறு, தொடையின் உள்பக்கம், பிட்டம் என்று வெளியிலிருந்தே தொடங்கினார். உள்ளே வந்தபோது அந்தத் தசைகளை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, இது ஏழு மணி, இது ஐந்து மணி என்று ஒவ்வோர் இடமாக அழுத்திக் கேட்டார். ஐந்து மணிப் பக்கம் ஒரு புள்ளியில் விரல் நின்றதும், அப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்த எனக்குச் சிறுநீர் முட்டியது.

"யூரின் வர்ற மாதிரி இருக்கா?"

"ஆமா."

"ப்ளாடர் காலியா இருக்கு. இது தசை. பத்துக்கு எவ்வளவு வலி?"

"எட்டு."

விரலை எடுக்கவில்லை, கூடுதலாக அழுத்தவும் இல்லை. அப்படியே வைத்திருந்தார். மூச்சு விடச் சொன்னார். முழங்காலை அவர் இன்னொரு கைக்கு எதிராக வெளிப்பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளும்போது இடுப்பின் உள்சுவரில் ஒரு தசை எழும்பி அவர் விரலில் முட்டுவது எனக்கே தெரிந்தது. காலைத் தளர்த்தியதும் அது அடங்கியது. "இப்ப?" என்றார். ஐந்து. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மூன்று. மருந்தில்லாமல், என் கண் முன்னால், எட்டு மூன்றாகியது. வலி தசையில் இருக்கிறது என்பதை வாதம் செய்து எனக்குப் புரியவைத்திருக்க முடியாது. அந்தச் சில நிமிடங்களில் புரிந்துவிட்டது.

கீகலை உடனே நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பழைய கதை எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல், பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசையை வலுவாக்க, சுருக்கிப் பிடிக்கும் பயிற்சியை 1948-ல் எழுதினார். சிரித்தாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிற பெண்களுக்கு அது இன்றும் நல்ல பயிற்சி. ஆனால் அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1937-ல், ஜார்ஜ் தீல் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவர், வால் எலும்பு வலிக்குக் காரணம் பல நேரம் எலும்பே இல்லை, அதைச் சுற்றி இறுகிப்போன தசைதான் என்று எழுதி, விரலால் நீவித் தளர்த்தும் முறையையும் விளக்கியிருந்தார். உலகம் முழுக்கப் பரவியது கீகலின் பெயர். தளர்த்தச் சொன்னவரை யாருக்கும் தெரியவில்லை. தளர்ந்த தசைக்கும் இறுகிய தசைக்கும் ஒரே தாளை நீட்டுகிற பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை வலி நோய்க்கு அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, இடுப்படித் தசையில் வலி இருப்பவர்களுக்குக் கையால் செய்யும் பிசியோதெரபி தர வேண்டும், சுருக்கிப் பிடிக்கும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது.

தளர்த்துவது என்பது சொல்வதற்கு எளிது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை இழுக்கும்போது வயிறும் கீழ்ப்பகுதியும் தானாக இறங்க வேண்டும். தள்ளக் கூடாது, விட வேண்டும். எனக்கு வயிறு அசையவே இல்லை. "வயித்த எக்கிக்கோ", "கால சேத்து உக்காரு" என்று பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த உடம்பு அது. அதன் மேல் தினமும் பாவாடை நாடாவை இழுத்து இறுக்கி, புடவைக் கொசுவத்தைச் செருகி, நாள் முழுக்க வயிற்றை உள்ளே வைத்திருந்தேன். நாடாவைத் தளர்த்திப் பக்கவாட்டில் கட்டச் சொன்னார். வீட்டில் இருக்கும்போது நைட்டி போதும் என்றார். எல்லோரும் தூங்கிய பிறகு ஹாலில் பாய் விரித்து, பாதங்களைக் கையால் பிடித்து முழங்காலை அகட்டி மல்லாந்து கிடக்கும் அந்த ஆனந்த பாலாசனத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். வெகு நாள் கழித்து ஓர் இரவில்தான், மூச்சை இழுக்கும்போது கீழே ஏதோ மெல்ல விரிவதை முதன்முதலாக உணர்ந்தேன்.

பாத்ரூமிலும் பாடம் இருந்தது. வெஸ்டர்ன் கமோடில் உட்காரும்போது காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் வைத்துக்கொண்டு முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்கும்படி அமர்ந்தால், மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். பழைய வீட்டில் குந்தி உட்கார்ந்தபோது இது தானாகவே நடந்துகொண்டிருந்தது. முக்கக் கூடாது. சிறுநீர் கடைசிச் சொட்டு வரை வர வேண்டும் என்று தள்ளக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று போகிற பழக்கத்தை விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்ட வேண்டும். இதற்கு ஒரு நோட்டு போட்டு எழுதினேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் அது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது.

வலி ஒரே கோட்டில் இறங்கவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தூக்கம் கெட்டபோது பழையபடி எல்லாம் திரும்பி வந்தது. பயந்து ஓடினேன். "திரும்பி வரும் மேடம். எதுல வந்ததுன்னு பாருங்க, அதைத்தான் நாம சரி பண்ணப் போறோம்," என்றார் அவர். மாதங்கள் பிடித்தன. முன்னேற்றம் எனக்குத் தெரிந்தது ஒரு மார்கழிக் கச்சேரியில். வலி வந்த நாளிலிருந்து எந்தச் சபாவிலும் எழுந்து போக வசதியாக ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருவதுதான் வழக்கம். அன்று அக்கா குடும்பத்தோடு போனதில் வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டேன். ராகம் தானம் பல்லவி முடிந்து தனி ஆவர்த்தனமும் முடிந்து துக்கடா தொடங்கியபோதுதான், இத்தனை நேரம் எழவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கணவரிடமும் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த முறை என்னோடு அடையாறுக்கு வந்து வெளியே காத்திருந்தார். திரும்பும் வழியில் அந்த பிளாஸ்டிக் எலும்பைத் தனக்கும் ஒருமுறை காட்டச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எல்லா அடிவயிற்று வலியும் தசை வலி என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ், தொற்று, கல், கட்டி எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத ரத்தப்போக்கு, உடல் மெலிவு, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் உறுதியான பெண்களுக்கும், வருடக்கணக்காக வலியைத் தாங்கியதாலேயே இந்தத் தசை இறுகிப்போயிருக்கும். அவர்களுக்கு அந்த நோய்க்கான சிகிச்சையோடு இதுவும் வேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிறுநீர்ப்பை வலியோடு தசை வலியும் இருந்த 81 பெண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், முடிச்சுகளைக் குறிவைத்துச் செய்த பிசியோதெரபியில் 59 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள்; உடம்பு முழுக்கப் பொதுவாக மசாஜ் செய்துகொண்டவர்களில் 26 சதவீதம். மீதிப் பேருக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பலன் தந்த ஒன்றை, அறுவை சிகிச்சை வரை போய்விட்டுக் கடைசியில் அல்லவா எனக்குச் சொன்னார்கள்! இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆண்களுக்கும் இதே தசை இருக்கிறது. புராஸ்டேட் என்று சொல்லி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருக்கிற ஆண்களில் பலருக்குக் கிருமியே இருப்பதில்லை. அவர்கள் நம்மை விட வாய் திறக்காதவர்கள்.

கடையில் விற்பனைப் பகுதியில் நிற்கிற பெண்களைப் பற்றி அதன் பிறகுதான் வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம். ஆனால் தீபாவளி நெருக்கத்தில் எந்தப் பெண் கவுன்டரை விட்டுப் பாத்ரூம் போக முடியும்? தண்ணீரே குடிக்காமல், வந்ததை அடக்கி அடக்கி, கால் மாற்றி நிற்கிறார்கள். அவர்களில் திண்டிவனத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவள், மாடிப்படியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து விசாரித்தேன். என் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு தடவைக்கு எவ்ளோக்கா வாங்குவாங்க?" என்றாள். சொன்னேன். "அது எனக்கு வாரச் சம்பளத்துல பாதிக்கா."

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். பிள்ளை பெற்ற ஏறக்குறைய ஒவ்வொரு பெண்ணும் ஒரு மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள் என்று அர்த்தம். பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிறகு இடுப்படித் தசைக்கான பத்து அமர்வுகளை அரசுக் காப்பீடே ஏற்றுக்கொள்கிறது. நம்மிடம் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வருகிற தாயிடம், உட்கார்ந்தால் வலிக்கிறதா, சிறுநீர் எரிகிறதா, கணவரோடு இருக்கும்போது வலிக்கிறதா என்று கேட்க ஒருவரை நியமிக்க முடியாதா? இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் வேண்டாம். கையுறை, ஜெல், கதவு சாத்துகிற ஓர் அறை, முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு பெண்.

திண்டிவனத்துப் பெண்ணைப் பற்றி அடையாறில் பேசினேன். மருத்துவரின் சீட்டை வாங்கிக்கொண்டு அழைத்து வரச் சொன்னார், கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மயிலாப்பூர் டாக்டரம்மாவிடம் முதலில் கூட்டிப் போனேன். இப்போது அவளுடைய வார விடுமுறைக்கு ஏற்றபடி செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவள் உள்ளே இருக்கும் நேரத்தில் அதை நான் வைத்துக்கொள்கிறேன்.